சின்ன ரோந்துப் படகு கட்ட இறங்குகிறீர்களா? காகிதத்திலிருந்து கடல் சோதனை வரை

உச்சிப்புளிப் பக்கம் ஃபைபர் பட்டறை வைத்திருக்கிறேன். பதினைந்து வருடமாக மீனவர்களுக்கு வள்ளம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவன், ஒரு அரசுத் துறைக்காக ஒன்பதரை மீட்டர் ரோந்துப் படகு ஒன்றைக் கட்ட ஒப்புக்கொண்டேன். வள்ளம் கட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்ற நினைப்பு. ஏழு மாதத்தில் முடிய வேண்டியது பதினான்கு மாதம் இழுத்தது. படகு மிதந்தது, ஓடியது, ஆனால் முதல் ஓட்டத்தில் ஒப்பந்தத்தில் எழுதிய வேகத்தைத் தொடவில்லை. அதனால் பட்ட பாட்டை இன்னொரு பட்டறைக்காரர் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். எட்டு மீட்டர் முதல் பன்னிரண்டு மீட்டர் வரையிலான ஃபைபர் படகுக்கு இது பொருந்தும். அதைவிடப் பெரிய கப்பல் வேலை நம் பட்டறைகளுக்கு ஆகாது.

1. டெண்டரைப் படிக்கும் முன் கடலைப் படியுங்கள்

நம் கரையில் இருப்பது ஒரு கடல் அல்ல, இரண்டு. வடகடலான பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் பத்து மீட்டருக்குள்தான். தென்கடலான மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி வரை 21 தீவுகள், சுற்றிலும் பவளப்பாறை. கச்சான் (தென்மேற்கு) காற்றுக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வாடையில் வடகடல். எந்தக் கடலில் ஓடப்போகிறது என்று துறையிடம் எழுத்தில் கேளுங்கள். "இரண்டிலும்" என்றுதான் பதில் வரும். பரவாயில்லை, கேட்டதற்குக் கடிதம் இருக்கட்டும்.

டெண்டரில் "கடல் நிலை 3" என்று போட்டிருப்பார்கள். அரை மீட்டர் முதல் ஒன்றேகால் மீட்டர் வரை அலை என்று அதற்குப் பொருள். உயரம் மட்டும் தெரிந்தால் போதாது. எங்கள் பட்டறைக்கு வந்துபோகும் வயதான ஓடாவி (படகுத் தச்சர்) ஒருவர் சொன்னது இது: "தம்பி, வடகடல் அலை குட்டையாத்தான் இருக்கும். ஆனா ஒண்ணு முடியுறதுக்குள்ள அடுத்தது குத்தும்." வத்தைபோலத் தட்டையான அடி வைத்தால் மெதுவாகப் போகும்போது சுகம். 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கி.மீ.) வேகத்தில் அதே அடி தண்ணீரில் மோதுவது சுவரில் மோதுவதுபோல இருக்கும், உள்ளே நிற்கிறவர் முதுகெலும்பு தாங்காது. சரி, அடியை ஆழமான வி வடிவமாக வைத்துவிடலாமா? 22, 24 டிகிரி சாய்வு வைத்தால் அலையை வெட்டிக்கொண்டு போகும்தான். ஆனால் அதே வேகத்துக்குக் கூடுதல் குதிரைத்திறன் கேட்கும், நிற்கும்போது உருளும். ரோந்துப் படகின் பாதி வேலை இன்னொரு படகை நிறுத்தி அதன் பக்கத்தில் நிற்பது. எங்களுக்குச் சரியாக வந்தது அமரத்தில் (பின்முனையில்) 17 டிகிரி, அணியத்துக்கு (முன்முனைக்கு) போகப் போகக் கூர்மை.

இன்னொன்று, படகை ஓட்டப்போகிற ஆட்களிடம் பேசுங்கள், அதிகாரிகளிடம் மட்டும் அல்ல. எனக்கு அரை மணி நேரத்தில் மூன்று விஷயம் கிடைத்தது. இரவில் வலை புரொப்பெல்லரில் சுற்றும், அதை நின்று வெட்டி எடுக்க அமரத்தில் தண்ணீர் மட்டத்துக்குப் பக்கமாக ஒரு மேடை வேண்டும். விசைப்படகின் ஆணியும் இரும்புப் பட்டையும் நம் பக்கவாட்டைக் கிழிக்கும், அதனால் கனமான ரப்பர் ஃபெண்டர் சுற்றிலும் வேண்டும். ஆன்டெனா மாஸ்ட் மடங்க வேண்டும். பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தின் தூக்கு பகுதி 17 மீட்டர் மேலே போகும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு படகைத் துரத்திக்கொண்டு போகிறவர்கள் பாலம் தூக்கும்வரை காத்திருக்க மாட்டார்கள். மாஸ்டை மடக்கிக்கொண்டு கர்டருக்கு அடியில் நுழைந்து போய்விட வேண்டும்.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

இவை இல்லாமல் ஏலத்தில் உட்காரவே முடியாது:

- உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனம் என்ற பதிவு. இணையத்தில் இலவசம். ஏஜென்ட் கேட்கும் காசைக் கொடுக்காதீர்கள்.
- ஜிஎஸ்டி, பான், மூன்று வருடத் தணிக்கை செய்த கணக்கு.
- மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பம். பெயரில் ஒரு எழுத்து பான் அட்டையோடு ஒத்துப்போகாவிட்டாலும் ஏலம் போடும் அன்று கழுத்தை அறுக்கும்.
- மத்திய அரசு வாங்குவதென்றால் அரசு மின்சந்தையான ஜெம் தளத்தில் பதிவு, மாநில அரசென்றால் தமிழ்நாடு டெண்டர் தளத்தில் பதிவு.
- பட்டறை இடத்தின் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பு, தீயணைப்புச் சான்று.

மத்திய அரசு கொள்முதலில் குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு முன்வைப்புத் தொகையில் (ஏலம் போடும்போது கட்டும் பிணைத்தொகை) விலக்கு உண்டு. உத்யம் சான்றில் "உற்பத்தி" என்று இருக்கிறதா பாருங்கள். என்னுடையதில் முதலில் "சேவை" என்று விழுந்திருந்தது, பழுதுபார்க்கும் வேலையை வைத்து யாரோ பதிந்த வினை.

பெரிய முட்டுக்கட்டை அனுபவம். "இதேபோன்ற படகு கட்டிய சான்று" கேட்பார்கள். முதல் படகை நேரடி ஏலத்தில் எடுக்கப் பார்க்காதீர்கள். ஏற்கெனவே ஒப்பந்தம் எடுத்த பெரிய கட்டுமானத் தளத்துக்கு உடல் மட்டும் வார்த்துக் கொடுக்கும் வேலை செய்யுங்கள், முடித்ததும் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏலத்துக்கு முந்தைய கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். அங்கே ஒரே ஒரு கேள்வி கேட்பதானால், "வேகம் எந்தச் சுமையில் அளக்கப்படும்?" என்று கேளுங்கள். முழு எரிபொருள், முழு ஆட்கள், தளவாடத்தோடா, பாதிச் சுமையிலா? எங்கள் ஆவணத்தில் அது இல்லை. நான் பாதி என்று நினைத்துக்கொண்டேன், அவர்கள் முழுசு என்றார்கள்.

பட்டறையைக் கடலோரத்தில் புதிதாகப் போட நினைத்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வேண்டியிருக்கும். உள்ளே தள்ளி, அகலமான சாலை இருக்கும் இடமாகப் பாருங்கள். படகைக் கடலுக்குக் கொண்டுபோவது ஒரு நாள் வேலைதான், அனுமதிக்கு அலைவது அப்படி முடியாது.

3. வரைபடம் கையெழுத்தாகும்வரை ரெசின் டப்பாவைத் திறக்காதீர்கள்

வள்ளத்துக்கு நமக்கு வரைபடம் கிடையாது, கண்ணும் பழைய அச்சும் போதும். இங்கே அப்படி நடக்காது. இந்தியன் ரெஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங் போன்ற வகைப்பாட்டு நிறுவனம் (படகின் தரத்தைச் சோதித்துச் சான்று தருவது) ஒவ்வொரு தாளையும் பார்த்து முத்திரை போட வேண்டும். அதிவேகப் படகுகளுக்கும் இலகுப் படகுகளுக்கும் அவர்களிடம் தனி விதிநூல் இருக்கிறது. கப்பல் வடிவமைப்பாளர் ஒருவரை அமர்த்தி இவற்றை வாங்குங்கள்: உடல் கோட்டு வரைபடம், பொது அமைப்பு, நடுவெட்டு, இழை அடுக்கு அட்டவணை, எரிபொருள் தொட்டி, மின்சுற்று, தீயணைப்பு, நிலைத்தன்மைக் கணக்கு, எடைக் கணக்கு.

இணையத்தில் விலைக்குக் கிடைக்கும் உல்லாசப் படகு வரைபடத்தைத் தட்டிக்கொட்டித் தரும் ஆட்கள் உண்டு. வாங்காதீர்கள். முதல் சுற்றிலேயே சிவப்பு மையில் இரண்டு பக்கம் கேள்வி வரும்.

கேள்வி எப்படியும் வரும். இரண்டு சுற்று என்று வைத்துக்கொண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள். நான் ஒதுக்கவில்லை. "முத்திரை வரும்போது வரட்டும்" என்று உடலை வார்த்துவிட்டேன். அடியில் நீள விட்டங்கள் போதாது, தொட்டியைப் பின்னால் நகர்த்து என்று கடிதம் வந்தது. ஒட்டிய விட்டத்தைக் கிரைண்டர் வைத்து அறுத்து எடுத்த பத்து நாளும் பட்டறை முழுக்கக் கண்ணாடித் தூள். என் மகனுக்கு உடம்பெல்லாம் அரிப்பு, வீட்டில் எனக்குத் திட்டு.

4. எடைப் புத்தகம்

மற்ற பகுதிகளை மேலோட்டமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள்.

தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடும் படகில் வேகத்தைத் தீர்மானிப்பது எடைக்கும் குதிரைத்திறனுக்கும் உள்ள விகிதம். அதன் வர்க்கமூலத்துக்கு எதிராக வேகம் போகும். கணக்கு வேண்டாம் என்பவர்கள் இதை மட்டும் நினைவில் வையுங்கள்: எடை 10 சதவீதம் ஏறினால் வேகம் சுமார் 5 சதவீதம் இறங்கும்.

எங்கள் படகுக்கு இரண்டு 150 குதிரைத்திறன் இன்ஜின். முழுச் சுமையில் 4,500 கிலோ என்று வடிவமைப்பாளர் போட்டார், அதற்கு 27 நாட் வர வேண்டும். ஒப்பந்தத்தில் 26. ஒரு நாட் கையிருப்பு இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

முடிந்த படகை லாரியில் ஏற்றி, கரிமூட்டை லாரிகள் வரிசையில் நிற்கும் எடைமேடைக்குக் கொண்டுபோனோம். முன்னால் நின்ற கரி லாரி டிரைவர் இறங்கி வந்து சாம்பல் நிறப் படகைத் தட்டிப் பார்த்து, "நேவியா?" என்றார். சீட்டு வந்தது. லாரி எடையைக் கழித்து, எரிபொருளும் ஆட்களும் கூட்டினால் 5,300. எண்ணூறு கிலோ அதிகம். மேடைக்காரரிடம் மறுபடி போடச் சொன்னேன். அதே எண்தான்.

எங்கே ஏறியது என்று பிறகு தேடினோம். பாதிக்கு மேல் ரெசின், அதாவது கண்ணாடி இழையை ஒட்டி இறுக்கும் பசை. வள்ளம் வேலையில் ரெசின் தாராளமாக ஊற்றினால் "நல்லா ஊறட்டும்" என்பார்கள், அது பழக்கம். நூறு கிலோ அடுக்கில் 35 கிலோ கண்ணாடி இழை இருக்க வேண்டிய இடத்தில் எங்களுக்கு 28 கிலோதான் இருந்தது. 600 கிலோ இழைக்கு இந்த வித்தியாசம் 430 கிலோ கூடுதல் ரெசின். ரெசின் கூடினால் பலமும் கூடாது, உடையும் தன்மைதான் கூடும். மிச்சம், கனமான பிளைவுட், பெரிய பேட்டரி, அப்புறம் துறையிலிருந்து வந்த "சின்னச் சின்ன" சேர்ப்புகள். கூடுதல் தேடு விளக்கு, ஒலிபெருக்கி, ஒரு பெஞ்சு, பெரிய தண்ணீர்த் தொட்டி.

அதனால் ஒரு நோட்டு போடுங்கள். படகுக்குள் போகும் ஒவ்வொரு பொருளையும் தராசில் வைத்து எழுதுங்கள், ஸ்க்ரூ டப்பா உட்பட. ரெசினை வாளிக் கணக்கில் விடாமல் கிலோக் கணக்கில் கலந்து கொடுங்கள். துறை எதையாவது சேர்க்கச் சொன்னால், "இது இத்தனை கிலோ, வேகம் இவ்வளவு குறையும், சம்மதமா?" என்று மின்னஞ்சல் போடுங்கள். பாதிக் கோரிக்கை அங்கேயே நின்றுவிடும்.

5. இன்ஜின்

வெளிப்பொருத்து பெட்ரோல் இன்ஜின் லேசு, ஆழம் குறைந்த இடத்தில் தூக்கிவிடலாம், கழற்றி வேறு மாட்டலாம். ஆனால் குடிக்கும். முழு வேகத்தில் 150 குதிரைத்திறன் இன்ஜின் ஒன்றுக்கே மணிக்குச் சுமார் 50 லிட்டர். டீசல் உள்பொருத்து இன்ஜின் கனம், விலையும் கூட, எரிபொருளில் சிக்கனம். தண்ணீரை உறிஞ்சிப் பீய்ச்சும் வாட்டர்ஜெட்டில் வலை சுற்றும் தொல்லை குறைவு என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். வடகடலின் கடல்புல்லும் மணலும் அதன் வாயை அடைக்கும் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் துறையிடம் கேட்க வேண்டியது, அந்தக் கரையில் அவர்களுக்கு எந்த எரிபொருள் சிக்கலில்லாமல் கிடைக்கும் என்பது. இன்ஜின் விற்பவரிடம் கேட்க வேண்டியது, மெக்கானிக் எந்த ஊரிலிருந்து வருவார் என்பது. இறக்குமதி இன்ஜினுக்கு நான்கு மாதம் ஆகலாம், வரைபடம் முத்திரையான அன்றே ஆர்டர் போட்டுவிடுங்கள்.

6. வார்ப்பு

வெளி அடுக்குக்கு ஐசோ ரெசின் அல்லது வினைல் எஸ்டர். சாதாரண ரெசினில் மிச்சம் பிடித்தால் ஒன்றிரண்டு வருடத்தில் தண்ணீர் உள்ளே புகுந்து கொப்புளம் போடும். வெளிப்பூச்சான ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். ஈரப்பதமானி ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டுங்கள், 80 சதவீதத்தைத் தாண்டினால் அன்று வார்ப்பு வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த விதியால் பாதி நாள் கை கட்டி உட்கார வேண்டிவரும்.

ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கி, பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டு கேனையும் வேறு வேறு அறையில் வையுங்கள். பழைய ஆட்களுக்கு இது தெரியும், புதுப் பையன்களுக்குத் தெரியாது.

வகைப்பாட்டு நிறுவனத்தின் சர்வேயர் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்க்க வேண்டும். அவர் பார்க்காமல் மூடிய அடுக்கைத் திறக்கச் சொல்வார். பார்க்கால் கருவியால் கடினம் அளப்பார், வார்ப்போடு சேர்த்துச் செய்த மாதிரித் துண்டை எரித்து இழையின் அளவு பார்ப்பார். ரெசின், இழை வந்த ஒவ்வொரு டிரம், ரோலின் தொகுதி எண் சான்றையும் கோப்பில் போட்டு வையுங்கள்.

கைப்பிடிக் கம்பிக்கு 316 எவர்சில்வர்தான். எனக்கு 316 என்று சொல்லி 304 விற்றுவிட்டார்கள், மூன்றாம் மாதமே வெல்டிங் ஓரமெல்லாம் டீக்கறை. காந்தம் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. 316-இல் இருக்கும் மாலிப்டினத்தைக் காட்டும் சோதனைத் துளி வாங்கி விட்டுப் பாருங்கள்.

7. நூறு ரூபாய் எங்கே போகிறது

எங்கள் படகில் ஆன செலவு நூறு ரூபாய் என்றால் இப்படிப் போனது. இன்ஜின், ஸ்டீயரிங், புரொப்பெல்லர் 38. ரெசின், இழை, பலகை 17. ராடார், ஜிபிஎஸ், விஎச்எஃப் ரேடியோ, விளக்கு, வயரிங் 14. கூலி 12. வரைபடம், வகைப்பாட்டுக் கட்டணம், சர்வேயர் பயணம் 8. அச்சு 6. லாரி, கிரேன், சோதனை ஓட்ட பெட்ரோல், இன்சூரன்ஸ், வங்கிச் செலவு 5. விலை போடும்போது கடைசி மூன்றையும் சேர்த்து ஏழு ரூபாய் என்றுதான் போட்டிருந்தேன், ஆனது பத்தொன்பது. லாபம் அங்கேதான் போயிற்று.

வேலைக்குப் பிணையாகத் துறைக்கு வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாக வங்கி வைப்புத்தொகை கேட்கும், அந்தப் பணம் உத்தரவாதக் காலம் முடியும்வரை முடங்கிக் கிடக்கும். தாமதத்துக்குப் பெரும்பாலும் வாரத்துக்கு அரை சதவீதம் என்று பிடிப்பார்கள். துறையே முடிவு சொல்லத் தாமதித்த நாட்களை அப்போதைக்கப்போது கடிதமாகப் பதிந்துவைத்தால்தான் கழிக்கக் கேட்க முடியும். கடைசியில் கேட்டால் நடக்காது.

ஜிஎஸ்டியில், ரெசினுக்கு 18 சதவீதம் கட்டி வாங்கி, ரோந்துப் படகை 5 சதவீதத்தில் விற்கிறோம். உல்லாசப் படகின் குறியீட்டைத் தவறிப் போட்டால் வரி எங்கோ போய்விடும். எந்த எண்ணில் பில் போடுவது என்பதை ஏலத்துக்கு முன்பே ஆடிட்டரிடம் முடிவு செய்யுங்கள், கூடுதலாகக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்பதற்கும் அவரையே பிடியுங்கள்.

8. மாதக் கணக்கு

வரைபடமும் முத்திரையும் நான்கைந்து மாதம். அச்சு இரண்டு மாதம். உடலும் தளமும் வார்க்க ஒன்றரை. பொருத்து வேலை இரண்டு. சோதனையும் திருத்தமும் ஒன்றரை. சிலவற்றை ஒரே நேரத்தில் ஓட்டலாம். ஆனாலும் பத்து மாதத்துக்குக் குறைவாக முதல் படகுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் பழுதுபார்க்கக் கரையேறி நிற்கும். ஃபைபர் ஆள், ஓடாவி, வெல்டர், பெயின்டர் யாரும் கிடைக்க மாட்டார்கள், கிடைத்தால் கூலி இரட்டிப்பு. வார்ப்பை மாசிக்குள் முடித்துவிடும்படி பின்னாலிருந்து எண்ணித் தொடங்குங்கள்.

9. சாலையும் சோதனையும்

2.6 மீட்டர் அகலத்தைத் தாண்டிய சரக்குக்குச் சாலையில் தனி அனுமதி வேண்டும். எங்கள் படகு மூன்று மீட்டர். இதை லாரி பேசிய அன்றுதான் தெரிந்துகொண்டேன். வழியில் தாழ்வாகத் தொங்கும் மின்கம்பிகளை முதல் நாளே பைக்கில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

தண்ணீரில் இறக்கியதும் நிலைத்தன்மையைப் பார்க்கும் சாய்வுச் சோதனை. மண்டபத்தில் விடியற்காலை ஐந்தரைக்குச் செய்தோம், காற்று எழும்புவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால். கயிறுகளைத் தளர்த்திவிட்டு, எடை போட்ட மணல் மூட்டைகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றுவார்கள். உள்ளே தொங்கும் தூக்குக்குண்டு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று சர்வேயர் அளப்பார். குண்டு ஆடாமல் இருக்க அதை எண்ணெய் வாளிக்குள் முக்கி வைத்திருந்தோம். அந்த நேரத்தில் படகுக்குள் ஒருவரும் அசையக் கூடாது. எங்கள் பையன் ஒருவன் டீ கொண்டு வந்து ஏறினான், முதலிலிருந்து தொடங்கினோம்.

வேக ஓட்டத்துக்கு முன் கடிதங்கள் போயிருக்க வேண்டும்: மண்டபம் கடலோரக் காவல்படை நிலையம், உச்சிப்புளி கடற்படைத் தளம், கடலோரப் பாதுகாப்புக் குழுமம், மீன்வளத்துறை, சுங்கம். தீவுப் பக்கம் போவதானால் வனத்துறை. இலங்கைக் கடல் எல்லை பக்கத்தில் இருக்கிற ஊரில் எண் எழுதாத சாம்பல் படகு பறந்தால் யார்தான் விடுவார்கள்? ஒப்புகைச் சீட்டோடு நகலைப் படகிலேயே வையுங்கள். எல்லைக்கு எதிர்த்திசையில், கரையை ஒட்டி ஓடும் தடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

போகும் வேகமும் வரும் வேகமும் அளந்து சராசரி எடுக்க வேண்டும், நீரோட்டம் ஒரு பக்கம் தள்ளும். எங்களுக்கு முதல் நாள் வந்தது 25. பெஞ்சையும் கூடுதல் தொட்டியையும் கழற்றி, பேட்டரியை மாற்றி 250 கிலோ இறக்கினோம். புரொப்பெல்லரின் பிட்ச்சை (இறக்கை முறுக்கின் அளவை) மாற்றினோம். மூன்றாம் ஓட்டத்தில் 26.2. இதற்கிடையில் ஐந்து வாரத் தண்டம்.

10. ஒப்படைப்பு

ஓட்டுநர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, வந்தவர்கள் கையெழுத்தை வாங்குங்கள். நன்னீரில் இன்ஜினைக் கழுவுவதையும் அரிப்புத் தடுக்கும் அனோடுக் கட்டிகளை மாற்றுவதையும் அவர்கள் கையாலேயே செய்யவையுங்கள், இல்லாவிட்டால் உத்தரவாதக் காலத்தில் ஒவ்வொன்றுக்கும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். விஎச்எஃப் உரிமமும் அழைப்பு எண்ணும் படகின் உரிமையாளரான துறை வாங்க வேண்டியவை, ஆனால் கருவியின் அங்கீகாரச் சான்று உங்களிடமிருந்து போக வேண்டும். எடைமேடைச் சீட்டு, சோதனைத் தாள்கள், வரைபடம், எடைப் புத்தகம் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து ஒன்றைப் பட்டறையில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஏலத்தில் அனுபவச் சான்றோடு இவையும் போகும்.

உத்தரவாதக் காலம் முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்துவிட்டு, அதற்கு ஒரு மாதம் முன்பே வங்கி உத்தரவாதத்தின் அசலைத் திருப்பித் தரக் கேட்டு எழுதுங்கள். அசல் தாள் வராமல் வங்கி வைப்புத்தொகையை விடாது. என்னுடையது யாருடைய மேஜையிலோ நாலு மாதம் கிடந்தது.